சொல்லும் விலையும் செல்லும் விலையும்

விலைக்கு வரும் பண்டங்களில், விற்பவனும் வாங்குபவனும் ஒருவர் மனத்தை ஒருவர் அறியாமல் நெடுநாள் நிற்கும் பண்டம் ஒன்று உண்டு. அது வீடு. நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் விலை பேசும்போது இருவருக்கும் இடையே சொற்ப வித்தியாசமே இருக்கும். அரை நாழிகைப் பேச்சில் அது தீர்ந்துவிடும். வீட்டு விஷயத்திலோ வித்தியாசம் லக்ஷக் கணக்கில் நிற்கிறது. பேச்சு வருஷக் கணக்கில் நடக்கிறது. வீடு பூட்டியபடியே கிடக்கிறது.

திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் செங்கம் மிகப் பழமையான ஊர். மலைபடுகடாம் பாடிய புலவர் காலத்தில் அதற்குச் செங்கண்மா என்று பெயர். அதைச் சூழ்ந்த கிராமங்களில் கிடைத்த நடுகற்கள் தமிழ்நாட்டுச் சரித்திர ஆராய்ச்சியில் தனி இடம் பெற்றவை. இத்தகைய ஊர்களில் பிறந்த இளைஞர் பலர் பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் சென்னைக்கும் சென்று, அங்கேயே குடியேறிவிடுகிறார்கள். தாய் தந்தையர் காலமான பின் பூர்வீக வீட்டை என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. சிலருக்குப் பெண்ணின் கலியாணம், சிலருக்கு வைத்தியச் செலவு, சிலருக்குப் பாகப்பிரிவினை. காரணம் எதுவாயினும், வீட்டை விற்கத் தீர்மானித்த மறு தினமே விலைப் பிரச்னை ஆரம்பமாகிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தம் வீட்டுக்கு 45 லக்ஷ ரூபாய் கேட்கிறார். வருகிறவர்களோ 30 லக்ஷத்துக்கு மேல் ஒரு காசும் ஏறமாட்டோம் என்கிறார்கள். விற்பவர் அவர்களை வஞ்சகர் என்கிறார். அவர்கள் இவரைப் பேராசைக்காரர் என்கிறார்கள். நமது அபிப்பிராயத்தில் இரண்டு வசைகளும் பொருந்தா. இருவரும் வெவ்வேறு கணக்கைப் போட்டு வெவ்வேறு தொகைக்கு வந்திருக்கிறார்கள். அந்தக் கணக்குகள் இன்னவை என்பதைப் பார்ப்பது அவசியம்.

விற்பவர் கணக்கில் நான்கு இனங்கள் உண்டு. முதலாவது, தாம் செலவிட்ட பணம். தேக்கு மரத்து வாசற்கால், மாடியில் எழுப்பிய அறை, வெட்டிய கிணறு ஆகிய ஒவ்வொன்றுக்கும் கொடுத்த தொகை அவருக்கு மறப்பதில்லை. இரண்டாவது, தெருவில் உலவும் வதந்தி. மூன்றாம் வீட்டுக்காரர் 50 லக்ஷத்துக்கு விற்றாராம் என்று ஒருவர் சொல்லியிருப்பார். உண்மையில் கைமாறிய தொகை எவருக்கும் தெரியாது. மூன்றாவது, தமது தேவை. கலியாணத்துக்கு 20 லக்ஷம், கடனுக்கு 15 லக்ஷம், மிச்சம் கையில் 10 லக்ஷம் என்று கூட்டி, அந்தக் கூட்டுத் தொகையையே வீட்டின் விலை என்று நம்புகிறார். நான்காவது, பாசம். தகப்பனார் இறந்த கூடத்துக்கும், குழந்தைகள் பிறந்த அறைக்கும் அவர் மனம் ஒரு விலை வைத்திருக்கிறது.

இந்த நான்கில் ஒன்றையாவது வாங்குபவர் தம் கணக்கில் சேர்க்க நியாயம் உண்டா? மற்றவர் பெண்ணின் கலியாணச் செலவை அவர் ஏன் ஏற்கவேண்டும்? மற்றவர் தகப்பனாரின் ஞாபகத்துக்கு அவர் ஏன் பணம் கொடுக்கவேண்டும்?

இது தமிழருக்கு மட்டும் உரிய பலவீனம் என்று எவரும் எண்ணவேண்டாம். அமெரிக்காவில் டானியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் என்ற மூன்று பண்டிதர்கள் கார்னெல் ஸர்வகலாசாலை மாணவர்களை வைத்துச் செய்த சோதனை ஒன்றை 1990-ஆம் வருஷத்தில் வெளியிட்டார்கள். மாணவரில் பாதிப் பேருக்குக் காப்பிக் கோப்பை ஒவ்வொன்று இனாமாகக் கொடுத்தார்கள். பிறகு, விற்க என்ன விலை வேண்டும் என்று கோப்பை பெற்றவரையும், வாங்க என்ன விலை தருவீர் என்று பெறாதவரையும் கேட்டார்கள். சில நிமிஷங்களுக்கு முன் இனாமாக வந்த கோப்பைக்கு உடையவர் கேட்ட விலை, மற்றவர் தரச் சம்மதித்த விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது! சில நிமிஷம் கையில் இருந்த கோப்பைக்கே இந்த அபிமானம் என்றால், மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டின்மேல் எவ்வளவு இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

வீடுகளைப்பற்றியே நடந்த ஆராய்ச்சியும் உண்டு. பாஸ்டன் நகரில் 1990 முதல் 1997 வரை விற்பனைக்கு வந்த அடுக்குமாடி வீடுகளின் கணக்கை ஜெனஸோவ், மேயர் என்ற இருவர் ஆராய்ந்து 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். முன்பு அதிக விலைக்கு வாங்கி, பிறகு விலை இறங்கிய காலத்தில் விற்க நேர்ந்தவர்கள் என்ன செய்தார்கள்? வாங்கிய விலைக்கும் அன்று எதிர்பார்க்கக்கூடிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் நூற்றுக்கு 25 முதல் 35 வரை தாங்கள் கேட்கும் விலையில் ஏற்றி வைத்தார்கள். கடைசியில் அதிகமாகக் கிடைத்தது அந்த வித்தியாசத்தில் நூற்றுக்கு 3 முதல் 18 வரை மட்டுமே. அவர்களுடைய வீடுகள் மற்றவர் வீடுகளைக் காட்டிலும் நெடுநாள் விலைபோகாமல் நின்றன. ஏற்றிச் சொன்னதால் அவர்கள் ஓரளவு ஆதாயம் அடைந்ததும் உண்மை. அதற்காகக் காலத்தைக் கொடுத்ததும் உண்மை.

காலத்துக்கும் ஒரு விலை உண்டு. 30 லக்ஷத்துக்குப் போகக்கூடிய வீட்டை 45 லக்ஷம் வரும்வரை விற்பதில்லை என்று ஒருவர் மூன்று வருஷம் காத்திருந்தால், அந்த 30 லக்ஷம் நூற்றுக்கு 7 வட்டியில் ஈட்டியிருக்கக்கூடிய 6 லக்ஷத்து 75 ஆயிரம் ரூபாயை இழக்கிறார். பூட்டிய வீட்டின் ஓடு உடைவதும், சுவரில் ஆலஞ்செடி முளைப்பதும், வீட்டு வரி நிற்காமல் வருவதும் வேறு கணக்கு.

இனி வாங்குபவர் கணக்கைப் பார்ப்போம். அவர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரராகவோ சிறு வியாபாரியாகவோ இருப்பார். பாங்கிக் கடனை நம்பியே வீடு வாங்க வருகிறார். ரிஸர்வ் பாங்கியின் விதிப்படி, 30 லக்ஷ ரூபாய்க்கு உட்பட்ட வீட்டுக் கடன், வீட்டு மதிப்பில் நூற்றுக்கு 90-க்கு மேல் போகக்கூடாது. பத்து லக்ஷத்துக்கு மேற்பட்ட வீடாயின் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேரா. 2023-ஆம் வருஷ ஏற்பாட்டின்படி கிரயப் பத்திரத்துக்கு முத்திரை வகையில் நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2, ஆக 9. ஆகவே 30 லக்ஷ ரூபாய் வீட்டுக்குப் பாங்கி அதிகபக்ஷம் 27 லக்ஷம் கொடுத்தாலும், கைப்பணம் 3 லக்ஷமும், சர்க்காருக்கு 2 லக்ஷத்து 70 ஆயிரமும் வேண்டும்.

இதன்மேல் அவர் கழிக்கும் இனங்கள் பல. கட்டிடம் பழையது, மனைக்குத்தான் மதிப்பு, சுவருக்கு இல்லை என்பார். பட்டா இறந்துபோன பாட்டனார் பெயரில் இருந்தால் ஒரு கழிவு. பாகஸ்தரில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் மற்றொரு கழிவு. அங்கீகாரம் பெறாத மனைப் பிரிவாயின் இன்னும் பெரிய கழிவு. 2016-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் சென்னை ஹைக்கோர்ட்டு அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவை நிறுத்திவைத்த பிறகும், 2017-இல் அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வந்த பிறகும், அங்கீகாரம் என்ற சொல் கிராமத்துத் தரகனுக்கும் பாடமாகிவிட்டது. விற்பவர் மறந்துவிட்ட குறைகள் எல்லாம் வாங்குபவர் கண்ணுக்கு முதலில் தெரிகின்றன.

அப்படியானால் உண்மை விலை எது? மலையிலிருந்து சாமையும் புளியும் சந்தைக்கு வந்தால், பொழுது சாய்வதற்குள் அன்றைய விலை ஊருக்கே தெரிந்துவிடுகிறது. பலர் கொணர்கிறார்கள், பலர் கொள்கிறார்கள்; ஒரு மூட்டைக்கும் மற்றொரு மூட்டைக்கும் பெரிய பேதம் இல்லை. நிலத்துக்கும் வீட்டுக்கும் அத்தகைய சந்தை கிடையாது. இந்தக் கஷ்டம் நமது ராஜதானியிலேயே எழுந்த ஒரு வழக்கில் லண்டன் பிரிவி கௌன்ஸில் முன் சென்றது. விசாகப்பட்டணம் துறைமுகத்துக்காக ஒரு ஜமீன்தாருடைய நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டதைப்பற்றிய வழக்கு அது. 1939-இல் ரோமர் பிரபு எழுதிய அத்தீர்ப்பின் ஸாரம் இது: விற்க இசைந்த ஒருவர், வாங்க இசைந்த ஒருவரிடம் எதிர்பார்க்கக்கூடிய தொகையே விலை, விற்பவருக்கு நிலத்தை விட மனமில்லை என்பதையும், வாங்குபவருக்கு அது அவசரமாக வேண்டும் என்பதையும் கணக்கில் எடுக்கலாகாது.

இதை வக்கீல்கள் நிலமெடுப்பு வழக்குகளில் மட்டும் பிரயோகிக்கிறார்கள். வீடு விற்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது நல்ல நீதியாகும். பாசத்தை ஒருபுறமும் அவசரத்தை மறுபுறமும் ஒதுக்கிவிட்டு நடுவில் நின்று பார்க்கும் பார்வை வேண்டும். வாங்குபவருக்கும் இந்த நீதி பொருந்தும். ஆஸ்பத்திரிச் செலவுக்காக விற்பவரிடம் பாதி விலைக்குக் கேட்பது சாமர்த்தியம் என்று சிலர் மெச்சிக்கொள்கிறார்கள். பிறர் துன்பத்தைத் தம் லாபக் கணக்கில் எழுதுவது சாமர்த்தியம் ஆகாது.

நடுவில் நின்று பார்ப்பது என்றால் எதைக் கொண்டு பார்ப்பது? அக்கம்பக்கத்தில் உண்மையாக நடந்த கிரயங்களைக் கொண்டு பார்க்கவேண்டும். இங்கேதான் நம்மவர் தமக்குத் தாமே இழைத்துக்கொண்ட பெரும் கேடு வெளிப்படுகிறது. கேட்கும் விலை, கொடுக்கும் விலை என்ற இரண்டு போதாதென்று, பத்திரத்தில் எழுதும் விலை என்று மூன்றாவது ஒன்றைப் பழக்கத்தில் கொண்டுவந்துவிட்டோம். கைமாறுவது 30 லக்ஷம், பத்திரத்தில் ஏறுவது 15 லக்ஷம், மற்றது ரொக்கம்.

சட்டம் இதை அநுமதிக்கவில்லை. தீர்வையைப் பாதிக்கும் விவரங்கள் எல்லாவற்றையும் பத்திரத்தில் முழுமையாகவும் உண்மையாகவும் எழுதவேண்டும் என்று 1899-ஆம் வருஷத்து முத்திரைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு விதிக்கிறது. ஜனங்கள் அதைக் கவனியாததால், குறைத்து எழுதிய பத்திரங்களை விசாரிக்க 1967-இல் நமது மாகாணத்தில் 47-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பிறகு வழிகாட்டி மதிப்பு என்ற ஜாபிதா வந்தது. 2012-இல் அதை உயர்த்தினார்கள்; 2017 ஜூன் மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் பதிவுக் கட்டணத்தை நூற்றுக்கு 1-லிருந்து 4 ஆக்கினார்கள்; 2023-இல் மதிப்பைப் பழைய அளவுக்கு ஏற்றிக் கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள். முறைப்படி செய்யவில்லை என்று ஹைக்கோர்ட்டு அந்த ஏற்றத்தைத் தள்ளியது. 2024 ஜூலை 1 முதல் மறுபடியும் புது மதிப்பு அமுலுக்கு வந்தது. இவ்வாறு ஏறி இறங்கும் ஜாபிதாவை ஜனங்கள் வீட்டின் விலை என்றே எண்ணி, அந்தத் தொகையை எழுதினால் போதும் என்று திருப்தி அடைகிறார்கள். வழிகாட்டி மதிப்பு மேலெழுந்தவாரியான ஓர் அடையாளமே தவிர விலையின் முடிவான அளவு ஆகாது என்று 2003-இலேயே ஸுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

இந்தப் பொய்யால் விற்பவருக்கு லாபம் என்று நம்புவோர் பின்வரும் கணக்கைக் கவனிக்கவேண்டும். 30 லக்ஷ ரூபாய் வீட்டுக்கு 15 லக்ஷம் எழுதினால், பாங்கி அந்தப் பதினைந்தைப் பார்த்தே கடன் கொடுக்கும். அதிகபக்ஷம் 13 லக்ஷத்து 50 ஆயிரம். மீதி 16 லக்ஷத்து 50 ஆயிரத்தை வாங்குபவர் கையிலிருந்து கொடுக்கவேண்டும். செங்கம் போன்ற ஊரில் அத்தொகையை ரொக்கமாக வைத்திருப்பவர் யார்? பள்ளிக்கூட உபாத்தியாயரா? பஸ் கண்டக்டரா? ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவரா? நாணயமாகச் சம்பாதித்து, நாணயமாகக் கடன் வாங்கி, முழு விலை தரக்கூடியவர்கள் எல்லாரும் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறார்கள். கணக்கில் வராத பணம் வைத்திருக்கும் சிலர் மட்டும் உள்ளே வருகிறார்கள். வாங்குவோர் தொகை குறைந்தால் விலை குறையும் என்பது சந்தையில் கீரை விற்கும் கிழவிக்கும் தெரிந்த சங்கதி. பத்திரத்தில் விலையைக் குறைப்பவர், தம் வீட்டின் உண்மை விலையையே குறைத்துக்கொள்கிறார்.

வாங்குபவரும் தப்புவதில்லை. பதினைந்து என்று எழுதி வாங்கியவர் பின்னால் விற்கும்போது, வருமானவரி அதிகாரியிடம் தமது கொள்முதல் பதினைந்து என்றே சொல்லவேண்டும். அவர் ஈட்டாத லாபத்துக்கும் வரி கட்ட நேரிடும். மேலும், நடந்த கிரயங்களின் உண்மைத் தொகை எங்கும் பதிவாகாததால், மூன்றாம் வீடு 50 லக்ஷத்துக்குப் போயிற்றாம் என்ற வதந்தியைச் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் போகிறது. விற்பவரின் ஆசைக்கு அணை போடக்கூடிய ஒரே சாக்ஷியை நாமே வாய் பேசவொட்டாமல் செய்துவிட்டோம்.

சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுக்களைப் படித்தவர்கள், நிலம் விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், நான்கு எல்லை, கொடுத்த காசு யாவும் ஊரறியக் கல்லில் வெட்டப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். விலையை ஒளிக்கும் வழக்கம் நம் முன்னோர் நமக்கு வைத்துவிட்டுப் போன ஆஸ்தி அன்று.

இந்த வழக்கத்தின் தீமை செங்கம் தாலுகாவுக்கு 2018-ஆம் வருஷத்தில் நேராகவே வந்து சேர்ந்தது. அந்த வருஷம் சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே சுமார் 277 கிலோமீட்டர் நீளமுள்ள எட்டு வழிச் சாலை, ஏறக்குறைய 10,000 கோடி ரூபாய் செலவில் திட்டமிடப்பட்டது. காஞ்சீபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் ஜில்லாக்களின் வழியே போகும் அந்தச் சாலைக்குச் செங்கம் தாலுகாவிலும் நிலம் குறிக்கப்பட்டது. குடியானவர்கள் எதிர்த்தார்கள். அவர்களுடைய எதிர்ப்பு விலையைப் பற்றியது மட்டும் அன்று. கிணற்றையும் தென்னையையும் ஜீவனத்தையும் எந்த விலைக்கும் கொடுக்க மனமில்லாதவர் பலர் அவர்களில் இருந்தார்கள். 2019 ஏப்ரல் 8-ஆம் தேதி சென்னை ஹைக்கோர்ட்டு நிலமெடுப்பைத் தள்ளியதும், 2020 டிசம்பர் 8-ஆம் தேதி ஸுப்ரீம் கோர்ட்டு வேறு விதமாகத் தீர்த்து, சட்டப்படி மேலே நடக்க இடம் தந்ததும் நேயர்கள் அறிந்தவை.

நாம் இங்கே கவனிக்கவேண்டியது ஒரே ஒரு விஷயம். சர்க்கார் வாங்குபவராக வரும்போது விலையை எப்படி நிர்ணயிக்கிறது? 2013-ஆம் வருஷத்து நிலமெடுப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு அதற்கு வழி சொல்கிறது. முத்திரைச் சட்டத்தின்கீழ் குறித்த மதிப்பு ஒரு புறம். அக்கம்பக்கத்தில் முந்திய மூன்று வருஷங்களில் பதிவான கிரயப் பத்திரங்களில் அதிக விலை எழுதிய பாதியின் சராசரி மறு புறம். இவற்றில் எது அதிகமோ அது அடிப்படையாகும். கிராமமாயின் அதைப் பெருக்கவும், அதன்மேல் நூற்றுக்கு நூறு ஆறுதல் தொகை சேர்க்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அடிப்படைத் தொகையே பொய்யானால் பெருக்கி என்ன பயன்? பாதி விலை எழுதிய பத்திரத்தை இரண்டால் பெருக்கினால், உண்மை விலைக்குத்தான் வந்து நிற்போம். சட்டம் கொடுக்க எண்ணிய ஆறுதல் காற்றோடு போய்விடும்.

வாயால் ஏக்கருக்கு இத்தனை லக்ஷம் என்று சொல்லலாம். கோர்ட்டில் வாய்ச்சொல் ஏறாது. அயல் நிலத்துக்காரர் நூறு பேர் எழுதிவைத்த பத்திரங்கள் ஒருமுகமாக எதிர்ச் சாக்ஷி சொல்லும். முத்திரைத் தீர்வையில் சில ஆயிரங்களை மிச்சம் பிடித்தவர் ஒருவர். அதனால் லக்ஷங்களை இழப்பவரோ அவரை அறியாத ஓர் ஏழைக் குடியானவர். இது தனி மனிதரின் சில்லறைத் தவறாக நின்றுவிடாமல், ஒரு கிராமம் முழுவதையும் பாதிக்கும் பொதுத் தீமையாகிறது. ஆதலால்தான் இதை இந்தப் பத்தியில் எழுதத் துணிந்தோம்.

இதற்குப் பரிகாரம் உண்டு. அதில் பெரும்பகுதி நம் கையிலேயே இருக்கிறது. வீடு விற்க நினைப்பவர் தரகனைக் கேட்பதற்கு முன் ரிஜிஸ்தரைக் கேட்கட்டும். 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, ஸ்தாவர சொத்துப் பத்திரங்களின் நகலை யாரும் கட்டணம் செலுத்திப் பெறலாம். வில்லங்க விவரங்களைப் பதிவு இலாகாவின் இணையதளத்தில் கட்டணமின்றியே பார்க்கலாம். ஒவ்வொரு கிரயத்திலும் எழுதிய தொகை அதில் இருக்கிறது. தம் தெருவில் சமீபத்தில் நடந்த ஐந்தாறு கிரயங்களை எடுத்து, எழுதாத தொகைக்கு ஈடு செய்து பார்த்தால், ஆசை பாதி அடங்கும். பிறகு பாங்கியின் மதிப்பீட்டாளர் ஒருவரிடம் மதிப்பு எழுதி வாங்கட்டும். இத்தனை மாதத்துக்குள் இந்த விலை வராவிட்டால் இவ்வளவு இறங்குவேன் என்று தமக்குள் ஒரு தவணையும் வைத்துக்கொள்ளட்டும். பட்டாவையும் வாரிசுச் சான்றையும் முன்னதாகச் சரிசெய்வது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைக் காட்டிலும் அதிக விலை தரும்.

வாங்குபவர் முழுத் தொகையையும் பாங்கி மூலம் கொடுத்து, முழுத் தொகையையும் எழுதட்டும். அதனால் ஏறும் தீர்வையை விலைப் பேச்சிலேயே இருவரும் பகிர்ந்துகொள்ளலாம்.

சர்க்காருக்கும் கடமை உண்டு. உண்மை சொல்பவனுக்கு நூற்றுக்கு 9 அபராதம்போல் தோன்றும் தீர்வையை வைத்துக்கொண்டு, பொய் சொல்லாதே என்று உபதேசிப்பதில் பயன் குறைவு. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லக்ஷம் வரையுள்ள சொத்து பெண்கள் பெயரில் பதிவானால் கட்டணத்தில் நூற்றுக்கு 1 குறைத்தது நல்ல ஆரம்பம். அது விரிவடையவேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதல் நடந்த வீட்டுக் கிரயங்களின் விலையைத் தெருவும் கதவிலக்கமுமாக அந்நாட்டு நிலப் பதிவு இலாகா எல்லாரும் காண வெளியிடுகிறது. அதே முறையை இங்கும் கைக்கொண்டால் வதந்திக்கு வேலை இராது.

பொதுக் காரியங்களில் உழைக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நிலமெடுப்பு நோட்டீஸ் வந்த பிறகு கூட்டம் கூட்டுவதும் தீர்மானம் போடுவதும் அவசியமே. நோட்டீஸ் வருவதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே, தம் கிராமத்தில் எழுதும் ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் உண்மைத் தொகை ஏறும்படி பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய ஊழியம். அதற்கு மேடை வேண்டியதில்லை, மாலை வேண்டியதில்லை. படிக்கத் தெரிந்த இரண்டு பேர் ஸப்-ரிஜிஸ்திரார் கச்சேரிக்குப் போகும் குடியானவருடன் துணையாகப் போனால் போதும். செங்கத்திலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் உள்ள வாலிபர்கள் இந்தக் காரியத்தை இன்றே மேற்கொள்வார்களாக.